ஆரணியில் கருப்புப் பட்டு கேட்ட என் சம்பந்தி

மார்ச் மாதம் டெக்சஸில் என் மகன் கார்த்திக்குக் கல்யாணம். பெண்ணின் பெயர் எலேனா. அதற்குப் பட்டு எடுக்கத்தான் பொங்கல் முடிந்த அடுத்த வாரம் சென்னையிலிருந்து ஆரணிக்குப் போய் வந்தேன். கூட வந்தவர் எலேனாவின் அம்மா தெரேசா. ஆரணிக்குப் பட்டு வாங்கப் போகிறவர்களுக்கு உதவட்டும் என்று வழியையும் விலையையும் மட்டும் எழுத நினைத்தேன். இரண்டு முறை எழுதி இரண்டு முறையும் அழித்தேன். அன்றைக்கு நடந்ததை விட்டுவிட்டு எழுத வரவில்லை. இரண்டும் கலந்துதான் வரும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

காஞ்சிபுரத்தை விட்டுவிட்டு ஏன் ஆரணி என்று பலர் கேட்டார்கள். காரணம் எடைதான். ஆரணிப் பட்டு லேசாக இருக்கும். வாழ்க்கையில் முதல்முறை சேலை கட்டப்போகும் பெண்களுக்குக் கனமான பட்டைக் கொடுத்தால் பந்தி வரைக்கும்கூடத் தாங்க மாட்டார்கள். எனக்குப் பதினாறு சேலைகள் தேவைப்பட்டன. ஏழு எங்கள் பக்கத்துப் பெண்களுக்கு, ஒன்பது தெரேசாவின் பக்கத்துக்கு. எல்லாம் ஒரே நிறம், ஒரே கரை. மாம்பழ மஞ்சளில் அரக்குக் கரை என்று மனதுக்குள் முடிவு செய்து வைத்திருந்தேன். போட்டோவில் இரண்டு குடும்பமும் ஒரே குடும்பம் மாதிரி தெரியும் அல்லவா?

தெரேசாவுக்கு அறுபத்தொரு வயது. பள்ளிக்கூட அலுவலகம் ஒன்றில் எழுத்தராக இருந்து ஓய்வு பெற்றவர். மெக்சிகோ வழி வந்த குடும்பம், ஆனால் ஐந்து தலைமுறையாக டெக்சஸில் ஒரே ஊர்ப்பக்கம் இருப்பவர்கள். ஸ்பானிஷ் ஒரு வார்த்தை பேச வராது. வீட்டு வாசலில் தினமும் காலையில் அமெரிக்கக் கொடி ஏற்றுவார். இந்தப் பயணத்துக்காகத்தான் முதல்முறையாக பாஸ்போர்ட் எடுத்தார். நான் டெக்சஸுக்குப் போய் இருபத்திரண்டு வருஷம் ஆகிறது, குடியுரிமையும் வாங்கிவிட்டேன். ஆக, ஆரணிக்குப் போனது இரண்டு அமெரிக்கப் பெண்கள். அப்படிச் சொன்னதை அன்று யாரும் நம்பவில்லை என்பது வேறு விஷயம்.

வேளச்சேரியிலிருந்து காலை ஐந்தரைக்குக் கிளம்பினோம். ஸ்ரீபெரும்புதூர், காஞ்சிபுரம் பைபாஸ், வாலாஜா, ஆற்காடு வழியாகச் சுமார் நூற்று நாற்பது கிலோமீட்டர். செய்யாறு வழி கொஞ்சம் குறைவு, ஆனால் ரோடு குறுகல். வாடகைக் கார் போக வர ஐயாயிரத்து ஐந்நூறு, டோல் தனி. ஓட்டுநர் முருகேசன் வந்தவாசிக்காரர், அந்தப் பக்கத்துச் சந்து பொந்தெல்லாம் தெரிந்தவர்.

தெரேசாவின் நிறமும் முகமும் நம் ஊர் மாதிரியே இருக்கும். முருகேசன் முதலில் அவரிடம்தான் தமிழில் பேசினார், தண்ணி பாட்டில் வேணுமா அம்மா என்று. அவர் விழித்ததும் என்னிடம் திரும்பி, இவங்க எந்த ஊரு என்று கேட்டார். அமெரிக்கா என்றேன்.

"அமெரிக்கா சரிங்க மேடம். அதுக்கு முன்னாடி?"

நான் மொழிபெயர்த்தேன். தெரேசா சத்தமில்லாமல் சிரித்தார். "இங்கேயும் அதே கேள்வியா? இதைக் கேட்காத ஊருக்குப் போகலாம் என்றுதான் இவ்வளவு தூரம் வந்தேன்" என்றார்.

பனி மூட்டத்தில் லாரிகளின் பின்விளக்கு மட்டும்தான் தெரிந்தது. எனக்கு அன்று காலையிலிருந்தே நிலைகொள்ளவில்லை. கைப்பையைத் திறப்பதும் மூடுவதுமாக இருந்தேன். ஒன்பது சேலை விஷயத்தை நான் இன்னும் தெரேசாவிடம் முழுசாகச் சொல்லியிருக்கவில்லை. கடையில் துணியைப் பார்த்தால் தானாகப் பிடித்துவிடும் என்று ஒரு நம்பிக்கை.

ஆற்காட்டில் இட்லி சாப்பிட்டுவிட்டு ஒன்பதே காலுக்கு ஆரணி போய்ச் சேர்ந்தோம். கடைகள் பத்து மணிக்குத்தான் முழுசாகத் திறக்கும். அதற்கு முன் போய் நிற்பதில் லாபமில்லை. கடைத்தெருவில் ஒரு நடை நடந்தோம். எதிரே வந்த ஒரு பெண் தெரேசாவிடம் மணி கேட்டார். தெரேசா கைக்கடிகாரத்தைக் காட்டினார். அந்தப் பெண் தலையாட்டிவிட்டுப் போய்விட்டார்.

கடையில் ஜமக்காளத்தில் உட்கார்ந்து ஒவ்வொன்றாகப் பிரித்தார்கள். ஆறாயிரத்து ஐந்நூறிலிருந்து எட்டாயிரம் வரை நல்ல சேலைகள் கிடைத்தன. மாம்பழ மஞ்சள் நான் நினைத்ததைவிட அழகு. பதினாறு வேண்டும் என்றதும் முதலாளி நிமிர்ந்தே உட்கார்ந்தார். தெரேசா என் கையைத் தொட்டு, யார் அந்தப் பதினாறு பேர் என்று கேட்டார். சொன்னேன். தெரேசாவின் அக்கா, அக்கா மகள்கள், நாத்தனார், தெரேசா என்று எல்லாரும் அதில் இருந்தார்கள்.

கொஞ்ச நேரம் துணியைத் தடவிக்கொண்டே இருந்தார். பிறகு அமைதியாகச் சொன்னார்: "அழகாக இருக்கிறது. ஆனால் போட்டோவில் என் பக்கம் என்று ஒன்று இருக்காது. உங்கள் குடும்பம் மட்டும் கொஞ்சம் பெரிசாகத் தெரியும்."

எலேனாவைக் கேட்போம் என்றேன். அது நான் செய்திருக்கக் கூடாது. டெக்சஸில் அப்போது இரவு பதினொன்று. எலேனா வீடியோவில் வந்தாள், மஞ்சளைப் பார்த்ததும் குழந்தை மாதிரிக் குதூகலித்தாள். எல்லாருக்கும் எடுங்கள் என்றாள். அம்மா தயங்குகிறார் என்று நான் சொன்னதும் அவள் சொன்ன வார்த்தை இது:

"அம்மா, நம்ம பக்கம் காட்டுறதுக்குத்தான் ஒண்ணுமே இல்லையே. இவங்களுடையதையாவது கட்டிக்கலாமே."

அவள் குத்த வேண்டும் என்று சொல்லவில்லை. அன்பாகத்தான் சொன்னாள். தெரேசா, சரி, நீ தூங்கு என்று சொல்லிவிட்டு போனை என்னிடம் கொடுத்துவிட்டார். அதன்பின் ஒரு சேலையையும் அவர் பார்க்கவில்லை. முதலாளியிடம் எடுத்து வையுங்கள், மதியத்துக்கு மேல் வருகிறேன் என்று சொல்லிவிட்டு எழுந்துவிட்டேன்.

அடுத்து சேவூர். ஆரணியை ஒட்டியே இருக்கிறது, காரில் பத்து நிமிஷம். டவுன் பஸ்ஸும் உண்டு. அங்கே தறி போட்டிருக்கும் ஒரு வீட்டில் முகூர்த்தச் சேலைக்குச் சொல்லி வைத்திருந்தேன். அந்தப் பத்து நிமிஷத்தில்தான் நாங்கள் சண்டை போட்டோம். குரல் உயரவில்லை. சம்பந்திகள் சண்டை அப்படித்தான் இருக்கும்.

நான் ஆரம்பித்தேன். ஒரு நாள் சேலை கட்டினால் யாரும் எதையும் இழந்துவிடப் போவதில்லை, அமெரிக்கா என்றாலே எல்லா வழக்கமும் சேர்ந்து இருப்பதுதானே என்றேன். தெரேசா ஜன்னலைப் பார்த்துக்கொண்டே பதில் சொன்னார். ஒரே நாடாக இருக்க வேண்டுமென்றால் எல்லாரும் ஆளுக்கு ஒன்றைக் கீழே இறக்கி வைக்க வேண்டும் என்று அவர் அப்பா சொல்வாராம். பள்ளிக்கூடத்தில் ஸ்பானிஷ் பேசியதற்காக அடி வாங்கியவர் அவர். பிள்ளைகள் வாங்கக் கூடாது என்று வீட்டிலும் ஆங்கிலம் மட்டும்தான் என்று வைத்துவிட்டார்.

"நாங்கள் இறக்கி வைத்தோம், வசு. நீங்கள் எதையும் இறக்கி வைக்கவில்லை. இப்போது என் மகள் உங்கள் பெட்டியைத் திறந்து பார்த்துவிட்டு, என் பெட்டி காலி என்கிறாள்."

இறக்கி வைக்கச் சொல்லி எந்தச் சட்டமும் இல்லையே என்றேன். உங்களுக்கு இல்லை, எங்களுக்கு இருந்தது என்றார். பிறகு திரும்பி என்னைப் பார்த்துக் கேட்டார்: "டெக்சஸில் நீங்கள் அந்தத் தெருவில் பதினெட்டு வருஷமாக இருக்கிறீர்கள். வலது பக்கத்து வீட்டுக்காரர் பெயர் என்ன?"

எனக்குத் தெரியவில்லை. அவர்கள் நாயின் பெயர் தெரியும். சனிக்கிழமை தமிழ் வகுப்பு, ஞாயிற்றுக்கிழமை கோவில், நம் ஆட்களோடு ஆளுக்கொரு பதார்த்தம் கொண்டுவரும் பாட்லக் விருந்து என்றே என் வாரம் ஓடிக்கொண்டிருந்தது. நாம் பன்மையைக் காப்பாற்றுகிறோம் என்று மேடையில் பேசியிருக்கிறேன். வேலிக்கு அந்தப் பக்கம் யார் என்று பார்த்ததில்லை. கோபம் வந்தது. அவர் மேலா என் மேலா என்று தெரியவில்லை.

முருகேசன் கண்ணாடியில் எங்கள் இருவரையும் பார்த்துவிட்டு ரேடியோவைக் கொஞ்சம் சத்தமாக வைத்தார்.

சேவூரில் தெருவுக்குள் நுழைந்ததுமே விசைத்தறிச் சத்தம். நாங்கள் போன வீட்டில் கைத்தறி. தேவராஜ் நெய்கிறார், வியாபாரம் பேசுவது அவர் மனைவி கற்பகம். நாற்பது வயதிருக்கும், கணக்கில் கெட்டி. எலேனாவுக்கான முகூர்த்தச் சேலையைக் காட்டினார். அரக்கு, நெருக்கமான ஜரிகைக் கரை. பதினெட்டாயிரம் சொன்னார், பதினேழுக்கு முடிந்தது. அதை மடித்துக்கொண்டிருக்கும்போது தெரேசா தன் போனை எடுத்து ஒரு படத்தைத் தேடிக் கற்பகத்திடம் நீட்டினார்.

பழைய கருப்பு வெள்ளைப் படம். மெலிந்த ஒரு இளம்பெண், கழுத்து மூடிய நீளக் கருப்பு உடை, கையில் பூங்கொத்து. பக்கத்தில் கோட்டு போட்ட ஒரு ஆள். தெரேசாவின் அம்மா, அவருடைய கல்யாணத்தன்று. அந்த ஊர்ப்பக்கம் சில குடும்பங்களில் கல்யாணப் பெண் கருப்புப் பட்டு உடுத்துவது முன்பு வழக்கமாம். ஒரே நல்ல உடைதான் வாங்க முடியும், பிறகு ஞாயிற்றுக்கிழமை சர்ச்சுக்கும் அதுவே, துக்க வீட்டுக்கும் அதுவே.

"இந்த மாதிரி வெறும் கருப்பு. கரை வேண்டாம். நான் டிரஸ்ஸாகத் தைத்துக்கொள்வேன். கிடைக்குமா என்று கேளுங்கள்" என்றார் என்னிடம்.

நான் கேட்டேன். கேட்கும்போதே என் குரல் மாறிவிட்டது. கற்பகம் படத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"கல்யாணத்துக்காங்க? பொண்ணோட அம்மாவா கருப்பு கட்டுறாங்க? வேணாம் மேடம். நாலு பேரு இன்னா பேசிகினு இருப்பாங்க. நீங்களே சொல்லிடுங்க."

தெரேசா என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். என்ன சொல்கிறார் என்று கேட்டார். இவர்களிடம் இருப்பு இல்லை என்று சொல்லிவிட்டுத் தப்பித்திருக்கலாம். கல்யாணத்தில் கருப்பு உடுத்தக் கூடாது என்கிறார்கள் என்றேன். எனக்கும் அப்படித்தான் தோன்றுகிறது என்றும் சேர்த்துச் சொன்னேன். என் மகன் மணவறையில் உட்கார்ந்திருக்கும்போது முன்வரிசையில் கருப்பா? நியூஜெர்சியிலிருந்து வரப்போகும் என் நாத்தனார் முகம் கண்ணில் வந்து நின்றது.

தெரேசா வாதாடவில்லை. "ஓகே" என்றார். போனை அணைத்துப் பைக்குள் வைத்துக்கொண்டார்.

அங்கிருந்து படவேடு அம்மன் கோவிலுக்குப் போவதாகத் திட்டம். சந்தவாசல் வழியாக முக்கால் மணி நேரத்துக்குக் கொஞ்சம் கூடவே ஆகும். கல்யாணப் பத்திரிகையை அம்மன் காலடியில் வைத்து எடுத்துவர வேண்டும் என்று வேண்டுதல். வழியெல்லாம் வயல், தூரத்தில் ஜவ்வாது மலை. பார்க்க வேண்டிய வழிதான், ஆனால் எனக்கு ஒன்றும் கண்ணில் ஏறவில்லை. கோவிலில் கூட்டமில்லை, கால் மணி நேரத்தில் தரிசனம் முடிந்தது. பத்திரிகையைக் கொடுத்து வாங்கினேன். என்ன வேண்டிக்கொள்வது என்றே தெரியவில்லை. தெரேசா செருப்பைக் கழற்றிவிட்டு என்னோடு உள்ளே வந்து, நான் செய்ததையெல்லாம் தானும் செய்தார். குங்குமம் கொடுத்தபோது வாங்கி வைத்துக்கொண்டார். எதற்கும் மறுப்பு சொல்லவில்லை.

அந்த "ஓகே" என்னை விடவில்லை. அதை நான் எங்கே கேட்டிருக்கிறேன் என்று யோசித்துக்கொண்டே வந்தேன். சந்தவாசலில் டீ குடிக்க நிறுத்தியபோது பிடிபட்டது. அது என் குரல். டெக்சஸில் முதல் வேலை, ஒரு பல் மருத்துவமனை வரவேற்பறை. மூன்றாம் நாள் மேலாளர் அம்மா என்னைத் தனியாகக் கூப்பிட்டு, நெற்றியில் இருப்பது வருகிறவர்களுக்கு ஒரு மாதிரி இருக்கும், இல்லாமலிருந்தால் நல்லது என்று மிகவும் இனிமையாகச் சொன்னார். நானும் மிகவும் இனிமையாக ஓகே என்றேன். கழிப்பறைக்குப் போய்ப் பொட்டை எடுத்துக் கண்ணாடியில் ஒட்டிவிட்டு வந்தேன். அன்று சாயங்காலம் அதை எடுக்கப் போனபோது யாரோ துடைத்திருந்தார்கள். யாரிடமும் இதைச் சொன்னதில்லை.

நல்ல துணி ஒன்று மட்டுமே வாங்க முடிந்த அம்மாவின் படத்தை ஒரு பெண் முதல்முறையாக வெளியே எடுக்கிறாள். நான் மிகவும் இனிமையாக, இல்லாமலிருந்தால் நல்லது என்கிறேன்.

டீயைப் பாதியில் வைத்துவிட்டு முருகேசனிடம் மறுபடி சேவூர் போக வேண்டும் என்றேன்.

"பேஜார் புடிச்ச ரோடு மேடம் இது. மூணு மணிக்குள்ள மெட்ராஸ் ரோடு புடிக்கலாம்னு சொன்னீங்களே" என்று முனகினார். பிறகு என் முகத்தைப் பார்த்துவிட்டு, ஏறுங்க என்று வண்டியை எடுத்தார்.

எங்கே போகிறோம் என்று தெரேசா கேட்டார். கருப்புப் பட்டுக்குச் சொல்லிவிட்டு வரலாம் என்றேன். "நீங்கள் சம்மதிக்க வேண்டும் என்பதற்காக நான் ஓகே சொல்லவில்லை" என்றார். தெரியும், அதனால்தான் திரும்பிப் போகிறோம் என்றேன். அப்புறம் பொட்டுக் கதையைச் சொன்னேன். அவர் எனக்கு ஆறுதல் சொல்லவில்லை. அந்த மேலாளர் பெயர் நினைவிருக்கிறதா என்று மட்டும் கேட்டார். இருக்கிறது என்றேன். எனக்கும் ஒருத்தி பெயர் நினைவிருக்கிறது என்றார், அதற்குமேல் விவரம் சொல்லவில்லை.

சேவூர் போய்ச் சேரும்போது மூன்றரை. கற்பகம் எங்களை மறுபடி எதிர்பார்க்கவில்லை. கருப்புதான் வேண்டும் என்றதும் அவருக்குப் பிடிக்கவில்லை, அதை மறைக்கவும் இல்லை. ஆனால் வியாபாரம் வியாபாரம். தறியில் நீளவாக்கில் ஏற்றும் நூலுக்குப் பாவு என்று பெயர். ஒரு பாவு ஏற்றினால் மூன்று சேலை நீளம் வரும். யாரும் கேட்காத நிறத்தில் ஒன்றுக்காக ஏற்ற முடியாது, மூன்றையும் எடுத்துக்கொண்டால் நெய்து தருகிறேன் என்றார். ஜரிகை இல்லாததால் ஒன்று ஐயாயிரம். இரண்டு வாரத்தில் சென்னைக்கு அனுப்புவதாகப் பேச்சு.

"அப்பறம் கருப்பு குடுத்தாங்கன்னு எங்கள சொல்லக் கூடாதுங்க" என்றார்.

சொல்ல மாட்டேன் என்றேன். தெரேசா முன்பணத்தைத் தானே கொடுத்தார், என்னைப் பையைத் திறக்கவே விடவில்லை. ஒன்று அவருக்கு, ஒன்று எழுபது வயது அக்காவுக்கு. மூன்றாவது யாருக்கு என்று இருவருக்கும் தெரியவில்லை. தேவராஜ் தறியை நிறுத்திவிட்டு வந்து அந்தப் படத்தை ஒருமுறை பார்த்தார். ஜோடி நல்லா இருக்குது என்று சொல்லிவிட்டுத் திரும்பப் போய் உட்கார்ந்தார். அதை மொழிபெயர்த்தபோது தெரேசாவுக்குக் கண் கலங்கியது. அப்போதே அந்தப் படத்தை எலேனாவுக்கு அனுப்பினார்.

ஆரணியில் எடுத்து வைத்திருந்த பதினாறில் ஏழு சேலைகளை மட்டும் வாங்கினேன். முதலாளி முகம் சுருங்கிவிட்டது. முதலிலேயே எண்ணிக்கை சொல்லி ஆசை காட்டாதீர்கள் என்பது என் அனுபவம். பக்கத்து மெஸ்ஸில் நாலு மணிக்கு மேலும் சாப்பாடு கிடைத்தது. ஆரணி அரிசிச் சோறு, கத்தரிக்காய்க் குழம்பு, ஆளுக்கு நூற்றுப் பத்து. மூவரும் ஒரே மேசையில் சாப்பிட்டோம். காலையிலிருந்து தெரேசா சரியாகச் சாப்பிட்டது அப்போதுதான்.

திரும்பும்போது காஞ்சிபுரம் தாண்டியதும் எலேனா கூப்பிட்டாள். டெக்சஸில் அப்போதுதான் எழுந்திருக்கிறாள். பாட்டியின் கல்யாணப் படத்தை அவள் அதுவரை பார்த்ததே இல்லை. ஏன் காட்டவில்லை என்று அழுதுகொண்டே கேட்டாள்.

"காட்டுகிற பொருள் என்று எனக்குத் தோன்றவே இல்லை" என்றார் தெரேசா.

அந்த மூன்றாவது துணி தனக்கு என்று எலேனா சொல்லிவிட்டாள். காலையில் முகூர்த்தத்துக்கு அரக்கு, மாலை விருந்துக்குக் கருப்பு. போனை வைத்ததும் தெரேசா கண்ணைத் துடைத்துக்கொண்டு, ஆனாலும் நான் சொன்னது சொன்னதுதான், எல்லாரும் அவரவர் பெட்டியோடு தனித்தனியாக உட்கார்ந்திருந்தால் அது ஒரு நாடு இல்லை என்றார். நான் மறுக்கவில்லை, ஒப்புக்கொள்ளவும் இல்லை. பெட்டியை அடுத்தவர் முன்னால் திறக்க வேண்டும் என்றால் முதலில் அடுத்தவர் பெயர் தெரிய வேண்டும். அது எனக்கே இன்னும் ஆகவில்லை. டெக்சஸ் திரும்பி வந்ததும் பக்கத்து வீட்டுக்கென்று ஒரு பத்திரிகை எடுத்துச் சாப்பாட்டு மேசை மேல் வைத்திருக்கிறேன். உறையில் பெயர் எழுத வேண்டிய இடம் காலியாக இருக்கிறது. நான்கு நாளாக அதைத் தாண்டித் தாண்டி நடந்துகொண்டிருக்கிறேன்.

நாத்தனாரிடம் கருப்பு விஷயத்தைப் போனில் சொல்லிவிட்டேன். "உன் இஷ்டம்" என்றார். தமிழ்க் குடும்பத்தில் அந்த இரண்டு வார்த்தைக்கு என்ன அர்த்தம் என்று உங்களுக்கே தெரியும். கல்யாண நாளில் என்ன ஆகும் என்று தெரியாது. தூக்கம் சரியாக வருவதில்லை.

போகிறவர்களுக்குச் சில விஷயங்கள். சென்னையிலிருந்து ஆரணிக்குப் பஸ் உண்டு, எந்த நிலையத்திலிருந்து என்பது மாறிக்கொண்டே இருப்பதால் கிளம்பும் முன் விசாரித்துக்கொள்ளுங்கள். பொங்கல், தீபாவளியை ஒட்டித் தறிகள் ஓடாது. கைத்தறியா விசைத்தறியா என்று வெளிப்படையாகக் கேளுங்கள், கேட்டால் சொல்லிவிடுகிறார்கள். படவேடும் சேர்த்துப் பார்க்க வேண்டுமென்றால் காலை ஐந்து மணிக்கே கிளம்பிவிடுங்கள், எங்களைப் போல் ஒரே ரோட்டில் இரண்டு முறை போகாதீர்கள். கருப்புப் பட்டு எந்தக் கடையிலும் தயாராக இருக்காது, இரண்டு வாரம் முன்பே சொல்ல வேண்டும். எதற்கு என்று கட்டாயம் கேட்பார்கள். தயங்காமல் கல்யாணத்துக்கு என்று சொல்லுங்கள்.